நாய் வளர்க்காத வீட்டுக்கும் வரும் நாய்ப்புழு

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர ஊர்களிலே, பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி என்ற பேச்சு ஒரு காலத்தில் எல்லா வீடுகளிலும் கேட்டது. இன்று அது வெகுவாகக் குறைந்திருக்கின்றது. பாடசாலைகளில் வழங்கப்பட்ட பூச்சி மாத்திரையும், வீடுதோறும் அமைந்த மலசலகூடமும், பாதணி அணியும் பழக்கமும் இதற்கான காரணங்களாகும். நாடளாவிய ஆய்வுகளும் இதனையே கூறுகின்றன. 2003ஆம் ஆண்டில் ஆரம்ப வகுப்பு மாணவரிடையே 6.9 சதவீதமாகக் காணப்பட்ட மண்வழிக் குடற்புழுத் தொற்று, 2017ஆம் ஆண்டின் ஆய்வில் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாக இறங்கியிருந்தது. பெருந்தோட்டப் பகுதிகளை விட்டுப் பார்த்தால், இது பெருமைப்படத்தக்க சாதனையே.

எனினும், ஒன்றை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். பாடசாலையில் கொடுக்கும் மாத்திரை பிள்ளையின் குடலை மாத்திரமே சுத்தம் செய்கின்றது. அப்பிள்ளை விளையாடும் முற்றத்தில் திரியும் பூனைக்கும், சந்தை வாசலில் படுத்திருக்கும் கட்டாக்காலி நாய்க்கும், வட்டையில் மேயும் எருமைக்கும், குப்பை மேட்டைத் தேடிவரும் காட்டு யானைக்கும் குடல் உண்டு. அக்குடல்களிலும் புழுக்கள் உண்டு. அவை எம்மோடு ஒரே மண்ணையும் ஒரே நீரையும் பங்கிட்டுக் கொள்கின்றன. இதனைக் கணக்கில் எடுக்காமல், நாம் பெற்ற சாதனையை நிலைநிறுத்துவது கடினம்.

காட்டு விலங்கிலிருந்து மனிதர் வரை ஒரு புழு எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதற்கு உதாரணம் தேடி நாம் வேறு நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. எமது நாட்டின் பெயரையே சுமந்த புழு ஒன்று இருக்கின்றது. கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்ற ஜேர்மனிய விலங்கியலாளர், இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து கிடைத்த கொழுக்கிப்புழுவை 1911ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரித்து, அதற்கு அங்கைலொஸ்டோமா சிலானிக்கம் என்று பெயரிட்டார். சிலோன் என்ற அன்றைய பெயரே அதில் உள்ளது. இரண்டே ஆண்டுகளில், 1913இல், அதே புழு இந்தியாவில் மனிதரின் குடலிலும் கண்டறியப்பட்டது. பின்னர் நெடுங்காலம் அது வேறோர் இனத்துடன் குழப்பப்பட்டு வந்தது. 1951ஆம் ஆண்டிலேயே அது தனியினம் என்பது மீண்டும் நிறுவப்பட்டது.

புனுகுப்பூனையில் கண்டறியப்பட்ட அப்புழு நாயிலும் பூனையிலும் சாதாரணமாக வாழ்கின்றது. மனிதரின் குடலிலும் முழு வளர்ச்சி பெற்று இரத்தம் உறிஞ்சுகின்றது. அண்மைக்கால மரபணுப் பரிசோதனைகள், தென்கிழக்கு ஆசியாவில் மனிதரைத் தொற்றும் கொழுக்கிப்புழுக்களில் இது இரண்டாம் இடத்தில் இருப்பதைக் காட்டியுள்ளன. கம்போடியாவின் கிராமம் ஒன்றில் 2012ஆம் ஆண்டு நடத்தப்பட்ட ஆய்வில், கொழுக்கிப்புழு காணப்பட்ட மனிதருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம் இருந்தது இந்த இனமே. அவ்வூர் நாய்களிடமும் அதுவே மிகுந்து காணப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது எல்லாக் கொழுக்கிப்புழுக்களின் முட்டைகளும் ஒன்றுபோலவே தோன்றும். கொழுக்கிப்புழு முட்டை உண்டு என்ற அறிக்கை, அப்புழு இன்னொரு மனிதரிடமிருந்து வந்ததா, தெருவில் திரியும் நாயிடமிருந்து வந்ததா என்று கூறாது. ஆகவே, மாத்திரை கொடுத்தும் மீண்டும் மீண்டும் தொற்று ஏற்படும் இடங்களில், பிள்ளையை மாத்திரம் பார்க்காமல் அதன் சூழலையும் பார்க்க வேண்டியிருக்கின்றது.

கொழுக்கிப்புழு உடலுக்குள் நுழையும் வழியை அறிந்தவரும் இதே லூஸ் என்பது வியப்பான செய்தி. குடம்பிகள் கலந்த நீர்த்துளி ஒன்று அவரது கையில் தற்செயலாகத் தெறித்தது. சிறிது நேரத்தில் அவ்விடம் எரிந்து சிவந்தது. அக்குடம்பிகள் தோலைத் துளைத்தே உட்செல்கின்றன என்ற உண்மையை அவர் 1898ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு முன்னர் வாய்வழியே மாத்திரம் இப்புழு தொற்றும் எனக் கருதப்பட்டது.

மலத்தோடு நிலத்தில் விழும் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓரிரு நாட்களில் பொரிக்கின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதிலிருந்து வந்த குடம்பி தொற்றும் பருவத்தை அடைகின்றது. வெறுங்காலின் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சென்றடைகின்றது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கின்றது. ஒரு புழு குடிக்கும் இரத்தம் துளியளவே எனினும், பல புழுக்கள் பல மாதங்கள் குடித்தால் பிள்ளைக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் குருதிச்சோகை ஏற்படுகின்றது. வகுப்பில் சோர்ந்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன்னர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

எம் கரையோர முஸ்லிம் ஊர்களில் நாய் வளர்க்கும் வீடுகள் அரிது. ஆகையால் நாயின் புழு எம்மை என்ன செய்யும் என்று பலர் எண்ணக்கூடும். ஆனால் கட்டாக்காலி நாய்களுக்கு வீடு தேவையில்லை. கடற்கரை மணலும் சந்தைச் சதுக்கமும் பாடசாலை மதிலோரமும் அவற்றின் இருப்பிடங்கள். நாய்களின் கொழுக்கிப்புழுக் குடம்பிகளில் சில, மனிதத் தோலுக்குள் நுழைந்து மேலே செல்ல வழியறியாது தோலுக்கடியிலேயே ஊர்ந்து, வளைந்து நெளிந்த சிவந்த கோடுகளையும் தாங்கவியலாத அரிப்பையும் ஏற்படுத்தும். கரைவலை இழுப்போரும் மணலில் விளையாடும் சிறுவரும் இதற்கு ஆளாகக்கூடியவர்கள்.

இதே நாய்களின் வட்டப்புழு வேறு வகையான தீங்கு செய்கின்றது. அப்புழு தாய் நாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியைத் தொற்றிவிடுகின்றது. அதன் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்த்திருக்கக் கூடியவை. மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் சென்றால், குடம்பிகள் ஈரலிலும் சில வேளைகளில் கண்ணிலும் அலைந்து, பார்வையைக்கூடப் பாதிக்கலாம்.

நாயை வெளியே நிறுத்திய வீட்டில் பூனை அடுப்படி வரை உரிமையோடு வருகின்றது. பூனை மீது எம்மவர் கொண்ட அன்பு குறைய வேண்டியதில்லை. ஆயினும், பூனையும் மேற்சொன்ன கொழுக்கிப்புழுவைச் சுமக்கின்றது என்பதையும், பூனையின் குடலிலே இனப்பெருக்கம் செய்யும் டொக்சோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வொட்டுண்ணி மலத்தோடு வெளியேறிய உடனேயே தொற்றுவதில்லை. அதற்கு ஒரு நாளேனும் ஆகும். பூனையின் கழிவை அன்றாடம் அகற்றினால் ஆபத்து பெரிதும் குறைகின்றது. அவ்வேலையைக் கர்ப்பிணிகள் அல்லாதோர் செய்வதே முறை.

வீட்டு முற்றத்திலிருந்து வயல் வட்டைக்குச் செல்வோம். சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம் பகுதிகளின் எருமைப் பட்டிகளை நம்பிச் சட்டித் தயிர் வியாபாரம் நடக்கின்றது. அப்பட்டிகளில் பிறந்து சில வாரங்களில் வயிறு கழிந்து, உடல் மெலிந்து, உரோமம் உதிர்ந்து இறக்கும் கன்றுகள் பல. கன்றின் வட்டப்புழு இதற்கு ஒரு முக்கிய காரணம். இப்புழுவின் குடம்பிகள் தாயெருமையின் தசைகளில் உறங்கிக் கிடந்து, கன்று ஈன்றதும் பாலோடு வெளிவருகின்றன. கன்று குடிக்கும் முதற்பாலிலேயே புழுவும் சேர்ந்துவிடுகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியத்துறை ஆய்வாளர்கள் இது பற்றி நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். கன்று பிறந்து 10 முதல் 16 நாட்களுக்குள் ஒருமுறை உரிய மருந்து கொடுத்தால், புழுக்கள் முட்டையிடும் பருவத்தை அடையுமுன்னரே அழிந்துவிடும். கன்றும் பிழைக்கும், பட்டியும் தூய்மையாகும். காலம் தவறிக் கொடுத்த மருந்து அத்தனை பயன் தராது. தயிர் உண்போர் இதனால் அஞ்சத் தேவையில்லை. இது கன்றின் உயிரையும் பட்டிக்காரரின் வருமானத்தையும் பற்றிய விடயம்.

குடலில் வாழாது ஈரலில் வாழ்ந்து, குடல் வழியே முட்டையை வெளியேற்றும் ஈரற்தட்டையனும் எம் வயல்நிலத்துக்குரியதே. சாணத்தோடு நீரில் விழும் முட்டை பொரித்து நன்னீர் நத்தையின் உடலில் பெருகி, பின்னர் புல்லிலும் நீர்த்தாவரங்களிலும் ஒட்டிக்கொண்டு, மேய வரும் மாட்டுக்காகக் காத்திருக்கின்றது. குளக்கரையும் வாய்க்காலும் சேற்று வயலும் நத்தைக்கு ஏற்ற இடங்கள். இதன் உறவினமான ஒரு தட்டையன் ஆசிய யானையின் ஈரலுக்கே உரியது. அது யானைகளைக் கொல்லவும் வல்லது. இலங்கை யானைகளிலிருந்து பெறப்பட்ட அப்புழுவின் மரபணு விபரங்களைப் பேராதனை ஆய்வாளர்களும் அவர்களது வெளிநாட்டு இணையாளர்களும் 2020ஆம் ஆண்டளவில் வெளியிட்டனர்.

எல்லாப் புழுக்களும் எல்லா விலங்குகளையும் தொற்றும் என்று இதனால் எவரும் எண்ணிவிடலாகாது. யானையின் குடலில் வாழும் உருளைப் புழுக்களில் பெரும்பாலானவை யானைக்கே உரியவை. எருமைக் கன்றின் வட்டப்புழு மனிதருக்குப் பெரிய அச்சுறுத்தலன்று. இலங்கையின் பெயர் கொண்ட கொழுக்கிப்புழுவோ காட்டையும் தெருவையும் வீட்டையும் கடந்து வருகின்றது. இவ்வாறு வேறுபட்ட புழுக்கள் யாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. உண்ணும் இடமும் கழிக்கும் இடமும் ஒன்றாகும் போது புழு பெருகும். அவை பிரிந்திருக்கும் போது புழு அருகும்.

காட்டு யானை இயல்பாகவே இவ்விதியைக் கடைப்பிடிக்கின்றது. அது நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கின்றது. இன்று இலத்தி போட்ட இடத்திலேயே நாளையும் நின்று மேய்வது அதன் வழக்கமன்று. அதன் குடலில் புழுக்கள் இருப்பினும், அவை பெரும் சுமையாகப் பெருகாதிருக்க இந்நடையே ஒரு காவல். பட்டிகள் பரந்த மேய்ச்சல் தரைகளில் மாறி மாறி மேய்ந்த காலத்தில் மாடுகளுக்கும் அக்காவல் இருந்தது.

அக்காவல் எவ்வாறு தகர்ந்தது என்பதற்குப் பள்ளக்காடு ஒரு சாட்சி. தீகவாபிக்கு அருகே காட்டோரத்திலுள்ள பள்ளக்காட்டில் 2008ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் கழிவு முகாமைத்துவ நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பைகள் அங்கே கொட்டப்பட்டன. ஆனால் மீள்சுழற்சி நடைபெறவில்லை. காவலாயிருந்த மின்வேலியை 2014ஆம் ஆண்டில் மின்னல் தாக்கிய பின்னர் அது திருத்தப்படவில்லை. யானைகள் உட்புகுந்தன. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் மேலும் இரு யானைகள் இறந்து கிடந்தபோது, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் கழிவுகளை உண்டு மடிந்திருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. பிரேத பரிசோதனைகளில் பொலித்தீன் பைகளும் உணவுப் பொதிகளும் அவற்றின் வயிற்றில் காணப்பட்டன.

அந்த யானைகளைக் கொன்றது பிளாஸ்டிக்கே, புழுவன்று. ஆயினும், நடந்து திரிய வேண்டிய விலங்கை ஒரே மேட்டில் நிறுத்திவைத்த அந்தக் குப்பை, யானை உண்ணும் இடத்தையும் இலத்தி போடும் இடத்தையும் ஒன்றாக்கிவிட்டது. இத்தகைய குப்பை மேடு எங்கிருந்தாலும் நாயும் மாடும் காகமும் அங்கே கூடும். விலங்குகள் நெருங்கி, ஒரே மண்ணில் உண்டு கழிக்கும் இடமே ஒட்டுண்ணிகளுக்கு உகந்த இடம். அந்தக் குப்பை எம் வீடுகளிலிருந்து சென்றது என்பதையும் நாம் மறைக்க முடியாது.

மேய்ச்சல் நிலத்தின் கதையும் இதுவே. வட்டமடு மேய்ச்சல் தரை தொடர்பான பிணக்கு பல்லாண்டுப் பழமையானது. அதில் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நிலம் சுருங்கி, அதே எண்ணிக்கையான மாடுகள் சிறிய பரப்பில் திரும்பத் திரும்ப மேயும் போது, ஒவ்வொரு வாய்ப் புல்லோடும் புழுவின் குடம்பியும் உள்ளே செல்லும் என்பதை மாத்திரம் இரு தரப்பும் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது இடம் எமக்கு மிக அண்மையில் இருக்கின்றது. அதுதான் மாடறுக்கும் மடுவமும் அதன் கழிவும். மடுவத்தின் பின்புறத்திலோ ஆற்றோரத்திலோ வீசப்படும் குடலும் பழுதுபட்ட ஈரலும் கட்டாக்காலி நாய்களுக்கு விருந்தாகின்றன. அக்கழிவு நாய்களின் தொகையைப் பெருக்குகின்றது. சில ஒட்டுண்ணிகள் கால்நடையின் உறுப்பிலிருந்து நாயின் குடலுக்குச் சென்று, அங்கிருந்து மனிதரை அடைகின்றன. செம்மறி ஆடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் நாடாப்புழு அவ்வகையைச் சேர்ந்தது.

அப்புழுவை வென்ற ஒரு நாடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் இந்நீர்க்கட்டி நோய் மக்களிடையே மிகப் பரவலாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராப் என்ற அறிஞர் அங்கு சென்று ஆராய்ந்து, நாய்க்கும் ஆட்டின் கழிவுறுப்புக்கும் இடையிலுள்ள தொடர்பை விளக்கினார். அவர் எளிய நடையில் எழுதிய சிறு நூல் 1864ஆம் ஆண்டில் வீடுகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. நீண்ட பனிக்கால இரவுகளில் மக்கள் அதனை வாசித்தனர். நாய்க்குக் கழிவுறுப்பைப் போடாதே, அதனைப் புதை அல்லது எரி என்பதே அந்நூலின் சாரம். நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் பின்னர் வந்தன. நாளடைவில் அந்நோய் அத்தீவை விட்டே அகன்றது. மக்கள் அறிவு பெற்றதும், கழிவுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டதும் அவ்வெற்றியைத் தந்தன.

எமது நாட்டின் பழைய அனுபவமும் இதையே கூறுகின்றது. 1916ஆம் ஆண்டளவில் றொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் வெளியேறின. ஆனால் மலசலகூடம் இல்லாத லயன்களில் அதே தொழிலாளர் மீண்டும் தொற்றுக்கு ஆளாயினர். மருந்து மாத்திரம் போதாது என்ற அப்பாடத்தின் பின்னரே, 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றி, நோய்த் தடுப்பு முன்னிலை பெற்றது. அன்று மனிதரின் கழிவு பற்றிக் கற்ற பாடத்தை இன்று விலங்கின் கழிவுக்கும் நாம் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மருந்தை நம்பி மாத்திரம் இருக்க முடியாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடு, மாடுகளுக்கு அளவு குறைத்தும் அடிக்கடியும் பூச்சி மருந்து கொடுத்தால், அம்மருந்துக்கு அடங்காத புழுக்கள் உருவாகின்றன. ஆடுகளின் இரத்தம் குடிக்கும் புழுவில் இவ்வெதிர்ப்பு 1960களிலேயே காணப்பட்டுவிட்டது. இதனால் தென்னாபிரிக்க மிருக வைத்தியர்கள் எளிய முறையொன்றை வகுத்தனர். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தால், உட்புறம் சிவந்திருக்கும் ஆட்டுக்கு மருந்து தேவையில்லை. வெளுத்திருக்கும் ஆட்டுக்கே தேவை. எம் ஆடு வளர்ப்போரும் கால்நடை வைத்தியரிடம் இதனைக் கேட்டறியலாம்.

வெளிப்படையான நோயும் மெலிவும் உள்ள பிராணி உழ்ஹிய்யாவுக்கு ஏற்றதல்ல என்பதை எம் வாசகர் அறிவர். புழுச் சுமையால் மெலிந்த மாட்டை ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் போது மருந்து கொடுத்துத் தேற்ற முயல்வது காலங்கடந்த செயல். மருந்துப் பெட்டியில் குறிக்கப்பட்ட நாட்கள் கழியும் முன்னர் அம்மாட்டை அறுப்பதும் தகாது. மாதங்களுக்கு முன்னரே கவனித்தல் வேண்டும். அறுத்த பின்னர் இறைச்சியைப் பங்கிடுவதில் நாம் காட்டும் ஒழுங்கைக் கழிவை அகற்றுவதிலும் காட்டுவோமாயின், பெருநாளின் அடுத்த நாள் எம் தெருக்களில் நாய்க்கூட்டம் கூடாது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவுக்குரியனவல்ல. உள்ளூராட்சி மன்றங்கள் மடுவக் கழிவை ஆழமாகப் புதைக்கும் இடங்களை ஒதுக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் உழ்ஹிய்யா நாட்களில் ஊருக்கு ஒரு பொதுக் குழியை ஏற்பாடு செய்யலாம். விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாட்களில் நாய்களுக்குப் பூச்சி மருந்தும் கொடுப்பது பற்றிச் சுகாதாரத்துறையும் கால்நடைத்துறையும் ஒன்றுகூடி ஆலோசிக்கலாம். தாய்மார் வல்லாரை போன்ற பச்சைக் கீரைகளை ஓடும் நீரில் நன்கு கழுவலாம். பிள்ளைகளின் காலில் பாதணியும் உண்ணுமுன் கையில் சவர்க்காரமும் இருக்கச் செய்யலாம். குப்பை மேட்டுக்கு வேலி போடுவதோடு நின்றுவிடாமல், உணவுக் கழிவை வீட்டிலேயே பிரிப்பதற்கு நாம் ஒவ்வொருவரும் பழகலாம்.

பிள்ளைகளின் வயிற்றிலிருந்து புழுவை விரட்ட எமக்கு ஒரு நூற்றாண்டு சென்றது. முற்றத்து மண்ணிலும் மடுவத்து வாசலிலும் குப்பை மேட்டிலும் அதற்கு நாமே இடம் கொடுத்தால், அது திரும்பி வருவதற்கு அத்தனை காலம் செல்லாது. அடுத்த பெருநாளுக்கு முன்னராவது எம் ஊர்களின் மடுவக் கழிவுக்கு ஒரு குழி வெட்டப்படுமா? அதிகாரிகளும் ஊர்ப் பெரியோரும் இதனைக் கவனத்திற் கொள்வார்கள் என எதிர்பார்க்கின்றோம்.